உன் பெயரில் நான் எழுதிய பதில்கள்

மாப்ள,

கீபோர்டுக்கு நீ மாட்டி வைத்த பாலிதீன் கவர் இன்று காலை கிழிந்துவிட்டது. பித்தளைத் தூள் உள்ளே இறங்கிவிடக் கூடாது என்று பட்டாசுப் பெட்டி கம்பெனியில் கெஞ்சி வாங்கி வந்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி மாட்டினாயே, அதுதான். உன் விரல் பட்டுப் பட்டு எஸ்கேப் பட்டனுக்கு மேலே மட்டும் மங்கிப்போயிருந்தது. அந்த இடத்தில்தான் கிழிந்தது. புதுக் கவர் மாட்ட ஐந்து நிமிடம் போதும். நான் கிழிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. ஒரு நாள் வாய்விட்டு அழுதுவிட்டால் சரியாகிவிடும் என்று எட்டு மாதமாக ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நானும் வராத டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பாய். நீ போன பிறகு இந்த எட்டு மாதமும் நான் உன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் ஒருவருக்கு அடிபட்டுவிட்டது.

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். பித்தளை செதுக்குகிற அந்த மில்லிங் மெஷினை நாம் கோயம்புத்தூரில் பழைய இரும்பு விலைக்கு எடுத்து வந்தபோது அதற்கு மூளை செத்துப்போயிருந்தது. கண்ட்ரோலர் போர்டை மாற்ற வேண்டும், அதுவும் எங்களிடம்தான் வாங்க வேண்டும், பாஸ்வேர்டும் நாங்கள்தான் போடுவோம் என்றான் டீலர். போனை வைத்துவிட்டு, "நம்ம மெஷினுக்கு அவன்ட்ட எதுக்கு மச்சான் சாவி கேக்கணும்?" என்று ஒரே குதி குதித்தாய். மறுவாரம் சாத்தூர் பக்கம் ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். யார் யாரோ ஊர் உலகத்தில் உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொள், திருத்திக்கொள், அடுத்தவனுக்கும் கொடு என்று திறந்து வைத்திருக்கிற சாஃப்ட்வேரை அதில் ஏற்றினாய். எனக்கு நம்பிக்கையே இல்லை. சும்மா கிடைக்கிறது எப்படி உருப்படும் என்று கேட்டேன். "ஒனக்கு எல்லாத்துக்கும் பில் வேணும்லே" என்றாய்.

மூன்று மாதம் மல்லுக்கட்டினாய். கடைசியில் ஒரு மத்தியானம் மெஷின் டேபிள் தானாக நகர்ந்து, காலண்டர் அட்டையில் தங்க ரேக்கு அச்சடிக்கிற பித்தளை பிளாக்கில் முருகனுடைய வேல் ஒன்றைக் கீறிக் காட்டியது. கோணல் வேல்தான். நீ அதையே போட்டோ எடுத்து அந்தச் சாஃப்ட்வேர்காரர்கள் கூடிப் பேசுகிற இணைய மன்றத்தில் போட்டாய். கூடவே நம் மெஷினுக்கு என்று நீ எழுதிய அமைப்புக் கோப்பையும் போட்டாய். அதே மாடல் பழைய மெஷினை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனை பேர் முழித்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவராக உன்னிடம் வந்தார்கள். நீயும் உன் ஓட்டை இங்கிலீஷில், பாதிக்குப் பாதி போனில் மொழிபெயர்த்து, சளைக்காமல் பதில் போட்டாய். எந்தப் பதிலாக இருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: முதலில் காற்றில் ஓட்டிப் பாருங்கள். கட்டரை, வெட்ட வைத்திருக்கிற ஜாபுக்கு ரெண்டு இஞ்சு மேலே தூக்கி வைத்து, புரோகிராமை ஒரு தடவை வெறும் காற்றில் ஓட விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நீ எதையும் வெட்டுவாய். டீ குடிக்கிற அவசரத்தில் நான் அதைத் தாண்டப் போனால், "ஏலே, காத்துல ஓட்டு, காத்துக்குக் காசா குடுக்க?" என்று கத்துவாய்.

வந்தவர்களில் பிரேசில்காரர்தான் உனக்கு நெருக்கம். வீட்டுக் கொட்டகையில் மெஷினைப் போட்டு, பம்பு செட்டுக்குப் பாகம் செய்து பிழைக்கிற மனிதர். உனக்கும் ஒரே மகள், அவருக்கும் ஒரே மகள். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நமக்குள் அவரைச் சம்பந்தி ஆக்கிவிட்டாய். ரெண்டு வீட்டிலும் பொம்பளைப் பிள்ளை, எப்படிடா சம்பந்தி ஆவார் என்றால் அதெல்லாம் உனக்குக் கணக்கில்லை. "சம்பந்திக்கு பெல்ட் அந்துருச்சாம்." "சம்பந்தி ஊர்ல ஒரே மழையாம்." நம் தெருவில் அடுத்த வீட்டுக்காரனுக்கு என்ன என்று உனக்குத் தெரியாது, பிரேசிலில் மழை பெய்வது தெரியும்.

புரட்டாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை. டீ கிளாசை வாங்கிய கையோடு பெஞ்சில் உட்கார்ந்தாய். "தோள்பட்டை என்னமோ பண்ணுது மச்சான்" என்றாய். ஆம்புலன்ஸில் மதுரைக்கு. திருமங்கலம் தாண்டவில்லை. உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? மெஷினில் லட்சுமி பிளாக் பாதியில் ஏறிக் கிடக்கிறது, கட்டரைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலை நிறுத்தினேனா இல்லையா என்று. உன் கால் ஆறிக்கொண்டே வந்தது. எனக்கு ஸ்பிண்டில் ஞாபகம். அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

பதினாறு முடிந்து கடையைத் திறந்தேன். ஆர்டர் நிற்குமா? கம்ப்யூட்டரைப் போட்டால் மன்றத்தின் பக்கம் நீ விட்டுப்போன மாதிரியே திறந்தது. சம்பந்தி ஏதோ கேட்டிருந்தார். திருகுத் தண்டில் ஆட்டம் இருக்கிறது, எவ்வளவு என்று எப்படி அளப்பது என்று. அது எனக்குத் தெரியும். தெரிந்ததை அடித்துவிட்டு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அந்த மன்றத்தில் எனக்கு என்று ஒரு கணக்கே கிடையாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீ சிரிக்கிற படம், உன் பெயர், அதற்குக் கீழே என் பதில். உடனே அழித்திருக்க வேண்டும். அதற்குள் சம்பந்தி நன்றி சொல்லி, பதினைந்து நாளுக்கு மேலாக ஆளைக் காணோமே என்று கேட்டிருந்தார். கொஞ்சம் வேலை அதிகம் என்று அடித்தேன்.

அதை அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது மாப்ள. பதினாறு நாளில் முதல் தடவை. உன்னை மாதிரி ஒரு கிண்டலும் சேர்த்துப் போட்டேன். அவரும் அங்கே சிரித்தார்.

அப்புறம் அது பழகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் கடையில் நான் நானாக இருக்கும்போது எனக்குள் ஒன்றும் ஓடவில்லை. சோறு சோறாக இறங்கியது, அவ்வளவுதான். தீபாவளி வந்தது, வெடித்தார்கள், போனது. மாசியில் ஒரு நாள் மேற்கே பெரிய சத்தம். நம் ஊர் பழக்கம்தான் தெரியுமே, தெருவே வெளியே வந்து எந்தப் பக்கம் புகை என்று பார்த்தது. தாயில்பட்டிப் பக்கம் என்றார்கள். உன் பெண்டாட்டி செல்வி வேலை பார்க்கிற பட்டாசு கம்பெனி அந்தப் பக்கம்தான். நான் எழுந்திருக்கவே இல்லை. பிளாக்கின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அது கல்குவாரி வெடி என்று தெரிந்தது. பக்கத்துப் பிரஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, காது கேக்கலையா?" என்றார். காது கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

சாயங்காலம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். வாயாடுவேன், விசாரிப்பேன், கோபித்துக்கொள்வேன். அதற்கு முன்பே, மார்கழியில், சம்பந்தியின் அம்மா இறந்துபோனார். ரெண்டு வரிதான் எழுதியிருந்தார், கொட்டகைக்குப் போகவே பிடிக்கவில்லை என்று. நான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். வெறும் கையோடு உட்காராதீர்கள், சின்ன வேலையாக ஒன்று எடுத்துச் செய்யுங்கள், தூக்கம் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள் என்று. என் வீட்டில் என் பெண்டாட்டியிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி மூன்று மாதமாகியிருந்த நேரம் அது. அவர் எழுதினார். ஒரு வாரம் தினமும் எழுதினார். தினமும் பதில் போட்டேன்.

தை மாதம் செல்வி கடைக்கு வந்தாள். பட்டாசு கம்பெனி வேனில் இறங்கி நேரே வந்திருக்கிறாள், நகத்திலும் மயிரிலும் வெள்ளி மருந்து. உன் மகள் பாப்பாவிடம் உன் பழைய போன் இருக்கிறதே, அதில் மன்றத்திலிருந்து உன் பெயருக்குத் தகவல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பாப்பா திறந்து, தமிழில் அர்த்தம் சொல்லி அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணே, அவுக எழுதுன மாரியே இருக்கு. யாரு எழுதுறது?"

"நாந்தாம்மா."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும், அதோடு தொலையட்டும் என்றுகூட இருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கன இருக்கவுகளுக்கு இவுக போனது தெரியாதா?"

"தெரியாது."

"எல்லாரும் நல்லா இருக்கீகளான்னு கேக்காக, என்ன?"

"கேக்காக."

"நிப்பாட்டிராதீக அண்ணே" என்றாள். "ஊருக்குள்ள எல்லாரும் அவுகளப் பத்திப் பேசுறதையே விட்டுட்டாக. அங்கனயாச்சும் இருந்துட்டுப் போகட்டும்."

அன்றிலிருந்து அது என் பொய் மட்டும் இல்லை என்று ஆகிவிட்டது. வாரம் ஒரு நாள் வருவாள். யார் என்ன எழுதினார்கள் என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பாள். "இதுக்கு அவுக இன்னும் கொஞ்சம் நக்கலாச் சொல்லிருப்பாகளே" என்று திருத்தம்கூடச் சொல்வாள்.

சித்திரையில்தான் அது நடந்தது. சம்பந்தி ஊரில் கரண்ட் அடிக்கடி போகிறதாம். கரண்ட் போய் வந்தால் மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. ஒவ்வொரு தடவையும் மூலைக்குப் போய், அங்கே இருக்கிற சுவிட்சைத் தொட்டு, ஊரைத் தெரிந்துகொண்டு வந்தால்தான் வெட்டவே சம்மதிக்கும். அவருடைய சுவிட்ச் ஒன்று மக்கர் செய்கிறது, நேரம் போகிறது, உங்கள் ஊரிலும் கரண்ட் போகுமே, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நம் மெஷினின் கோப்பைத் திறந்தேன். மூலைக்குப் போகாமலும் வெட்டலாம் என்று அனுமதி கொடுக்கிற ஒரு வரியில் நீ ஒன்று என்று போட்டு வைத்திருந்தாய். அதையே எழுதினேன். இந்த வரியில் ஒன்று என்று போடுங்கள், நிற்கிற இடத்திலிருந்தே ஓடும், நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

நாம் அப்படி ஓட்டவில்லை மாப்ள. பித்தளைத் தூளில் நம் சுவிட்ச் செத்த பிறகு, மெஷின் டேபிளில் ரெண்டு பக்கமும் ஊசியால் நீ கீறி வைத்தாயே, மயிர் மாதிரி ரெண்டு கோடு. கரண்ட் வந்ததும் கையால் டேபிளை நகர்த்தி, பூதக்கண்ணாடி வைத்துக் கோட்டுக்குக் கோடு சேர்த்து, கட்டரை ஜாபின் மேல் தொட வைத்து உயரத்தையும் எடுத்து, சீரோ வைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம். இத்தனை வருடமாக என் கை அதைத் தானாகச் செய்கிறது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோம், வழி கேட்டவனுக்குச் செருப்பைக் கழற்று என்றா சொல்வோம்? அந்தக் கோட்டை நான் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சம்பந்திக்கு அந்தக் கோடு கிடையாது.

நாலு நாள் கழித்து அவரிடமிருந்து போட்டோ வந்தது. கரண்ட் போய் வந்திருக்கிறது. ஓட்டியிருக்கிறார். மெஷின் தான் நிற்கிற இடத்தை வேறு எங்கோ என்று நம்பி, கட்டரை நேரே ஜாபைப் பிடித்திருக்கிற இரும்பு வைஸுக்குள் இறக்கியிருக்கிறது. உடைந்த துண்டு தெறித்து அவர் முகத்தில். கண்ணுக்குக் கீழே ஆறு தையல். நூல் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு விரல் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கீழே எழுதியிருந்தார்: "நீங்கள் எப்போதும் முதலில் காற்றில் ஓட்டிப் பார்க்கச் சொல்வீர்கள். இந்த முறை சொல்லவில்லை. நான் அதை யோசித்துப் பார்த்தேன். உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா, நண்பரே?"

நம் கோப்பை மறுபடி திறந்தேன். அந்த வரிக்கு மேலேயே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக நீ எழுதி வைத்திருக்கிறாய்: நம்ம மெஷினுக்கு மட்டும், கோடு பாத்துட்டு ஓட்டு, வெளிய குடுக்காத. மன்றத்தில் நீ ஊருக்குப் போட்ட கோப்பையும் தேடிப் பார்த்தேன். அதில் அந்த வரியில் பூஜ்யம், மூலைக்குப் போகாமல் மெஷின் ஓடாது. தெரியாதவன் ஓட்டினாலும் அடிபடக் கூடாது என்று அதை அப்படிக் கொடுத்திருக்கிறாய். அத்தனை வருடம் நீ பார்த்துப் பார்த்துக் கொடுத்த இடத்தில், உன் சிரித்த முகத்துக்குக் கீழே, நான் போட்ட ஒரு வரி நிற்கிறது. அதற்குள் இன்னும் ரெண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, நானும் இப்படியே செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் ரெண்டு பேருக்கும் முதலில் செய்யாதீர்கள் என்று எழுதிவிட்டு, அந்தப் பதிலை அழித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, மாப்ள. எட்டு மாதத்தில் எனக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான்.

செல்விக்குச் சொல்லாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. பகலில் கூப்பிடவும் முடியாது, கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். நாரணாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் வேன் வரும்வரை நின்றேன். இறங்கியவள் என் முகத்தைப் பார்த்ததும், "பாப்பாவுக்கு என்ன?" என்றாள். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கண்ணு இருக்கா?"

"இருக்கு. தையல்தான்."

"நல்லாப் பாத்தீகளா? போட்டாவுல தெரிஞ்சதா?"

"தெரிஞ்சதம்மா."

கொஞ்ச நேரம் தூக்குவாளியின் பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றாள்.

"அப்ப எழுதிருங்க அண்ணே. ஆளு இல்லைன்னு எழுதிருங்க. அவுக பேரச் சொல்லி இன்னொருத்தருக்கு அடிபடக் கூடாது."

சரி என்று திரும்பினேன். பத்தடி போயிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"நாளைக்கு எழுதுங்க. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

இருந்தாய். அன்றைக்கு ஒரு நாள் முழுக்க இருந்தாய். நான் மன்றத்தைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் என் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கினேன். புது உறுப்பினர் என்று போட்டது. எழுத மத்தியானம் ஆகிவிட்டது. நீ போன புரட்டாசித் தேதி, அதற்குப் பிறகு வந்த பதில்கள் எல்லாம் யார் எழுதியது, அந்த வரி ஏன் தப்பு, கோடு எங்கே இருக்கிறது, எல்லாம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். வசவு வரும் என்று காத்திருந்தேன். எங்கெங்கோ இருந்து ஒவ்வொருவராக வந்து, நீ எந்த வருடம் எந்தச் சிக்கலை அவர்களுக்கு அவிழ்த்துக் கொடுத்தாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செல்வி சாயங்காலம் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவளால் அழ முடிந்தது. நான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற மாதிரி.

சம்பந்தியிடமிருந்து மட்டும் ரெண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. நீ போன தேதியை வைத்து அவர் எல்லாவற்றையும் திரும்பப் படித்திருக்கிறார். தையலைப் பற்றி ஒன்றும் இல்லை. என் பெயரை எழுத்துக் கூட்டி, தப்பும் தவறுமாக எழுதி, கீழே இவ்வளவுதான்:

"என் அம்மா இறந்தபோது ஒரு வாரம் என்னோடு பேசியது நீங்களா? அப்போது உங்கள் நண்பர் இறந்து மூன்று மாதம்தானே ஆகியிருந்தது? உங்களோடு யார் பேசினார்கள்?"

வந்து பதினோரு நாள் ஆகிறது. காலண்டர் பிளாக் சீசன் தொடங்கிவிட்டது, ஆடிப்பெருக்குக்குள் கொடுக்க வேண்டும், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. தினமும் அவர் எழுதியதைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். அவர் உன்னைக் கேட்டிருந்தால் உன் பெயரில் அடுத்த நிமிடம் பதில் போட்டிருப்பேன், ஒரு நக்கலும் சேர்த்து. அவர் என்னைக் கேட்டிருக்கிறார். என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, மாப்ள.